மலையின் உயரம்



பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்த இளைஞன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பது அவன் வீட்டாருக்கு மட்டுமன்றி ஊராருக்கும் உரிய கேள்வியாகும். 1958ஆம் ஆண்டில் எங்கள் போடிநாயக்கனூரில் அக்கேள்விக்கு மூன்று விடைகள் ஆயத்தமாக இருந்தன. ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதலாம். மலையேறித் தோட்டமொன்றில் வேலைக்கு அமரலாம். வசதி உள்ளவனாயின் மதுரைக்குச் சென்று கல்லூரியில் படிக்கலாம். நான்காவது விடையொன்றும் உண்டு, அது விமானம் ஓட்டுவது என்று நான் சொன்னபோது என் தந்தையார் சிரித்தார். "முதலில் போடிமெட்டுக்கு மூச்சு வாங்காமல் ஏறிக் காட்டு, வானத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

அவர் ஏலக்காய்க் கடையில் எடை போடுபவர். தராசின் முள் நேராக நிற்கும்வரை வாய் திறக்கமாட்டார். "இந்த மூட்டை எவ்வளவு இருக்கும்?" என்று யாராவது கேட்டால், "கண்ணால் எடை போட்டால் ஒருவன் குடி கெடும்" என்பார். என் தாயாரோ கடை முற்றத்தில் மற்றப் பெண்களுடன் அமர்ந்து, பச்சைக்காயை ஒருபுறமும் வெளிறிய காயை மறுபுறமுமாகப் பொறுக்கிப் பிரிப்பவர். அளவும் தரமும் அறிந்த அந்த வீட்டில் பிறந்தும், அளவின் அருமையை நான் உணர நெடுங்காலம் ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானில் வாழ்ந்து ஓய்வு பெற்ற என்னை, இளைஞர்களுக்குப் பயன்படும்படி பழைய நினைவுகளைக் கூறுமாறு பணித்திருக்கிறார்கள். என் கதையோடு நம் நாட்டு வானூர்தியின் கதையும் பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊரின் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. அச்சுவரின் மறுபுறத்துச் சரிவுகளுக்கு ஏலமலை என்றே பெயர். பெருமரங்களின் நிழலில், ஈரமும் குளிர்ச்சியும் மாறாத இடத்தில் விளைவது ஏலம். அது அங்கே விளைந்தாலும் விலைபோவது போடியில். அதனால்தான் மலையும் ஊரும் தாயும் சேயும் போலப் பிணைந்திருக்கின்றன. மீசைப்புலிமலை 8,661 அடி உயரம். இமயத்துக்குத் தெற்கே மிக உயர்ந்ததான ஆனைமுடி 8,842 அடி. இவ்விரண்டும் எங்கள் ஊருக்கு அண்டை வீட்டார் எனலாம். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவற்றுக்கு வேலை உண்டு.

விமானம் வருவதற்கு முன்பே எங்கள் மலையில் தேயிலை பறந்தது என்றால் நம்புவீர்களா? மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் சரக்கைக் கீழே கொணர்வதற்காக, குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. 1908இல் அதனை மாற்றி, இரண்டடி அகலமுள்ள சிறு இரயில் பாதை அமைத்தார்கள். அப்பாதை வந்து முடிந்த மலைமுகட்டுக்கு டாப் ஸ்டேஷன் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. முகட்டிலிருந்து கொட்டகுடி அடிவாரம்வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் வான்வழியே கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளை அதில் தொங்கவிட்டு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டிகள் அவற்றைப் போடிக்குச் சுமந்து வந்தன. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கேரள நாட்டைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அடித்துச் சென்றது. அது மறுபடி எழவேயில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. கம்பியில் பெட்டிகள் மிதந்து வந்த காட்சியைக் கண்ட முதியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெட்டி தலைகாட்டுவதையும், அதன் பின்னே மற்றொன்று வருவதையும் அவர்கள் சொல்லும்போது நாங்கள் வாய் பிளந்து கேட்போம். வானில் செல்ல வேண்டுமென்ற ஆசை எனக்குப் பிறந்தது விமானத்தைப் பார்த்தன்று. அந்தக் கதையைக் கேட்டுத்தான்.

பள்ளியில் எங்களுக்குப் பூகோளம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1957ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமையன்று அவர் எங்களில் பன்னிரண்டு பேரைக் குரங்கணிக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து டாப் ஸ்டேஷனை நோக்கி ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. அவர் கையில் பள்ளி ஆய்வகத்தின் பாரமானி ஒன்று இருந்தது. வட்டமான முகமும் ஒரு முள்ளும் கொண்ட கருவி அது. மேலே ஏற ஏறக் காற்றின் சுமை குறையும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்ற அளவில் முள் இறங்கும். தங்குமிடந்தோறும் முள் காட்டும் எண்ணை நாங்கள் ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். மறுநாள் அவற்றைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். இதுவே அவர் இட்ட பணி.

எனக்கோ எழுதுவதில் நாட்டமில்லை. எல்லோருக்கும் முன்னே ஓடி முகட்டைத் தொடவேண்டும் என்ற வெறி. இரண்டு இடங்களில் மட்டும் எண்ணைப் பார்த்து எழுதினேன். எஞ்சியவற்றை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சமமான இடைவெளிவிட்டு, அழகாக நிரப்பினேன். என் குறிப்பேடே வகுப்பில் மிகத் தூய்மையானது. கணக்கும் குற்றமின்றி முடிந்தது. ஆசிரியர் அதனை நெடுநேரம் பார்த்தார்.

"வழியில் ஓர் ஓடையைக் கடந்தோமே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது, ஐயா."

"ஓடைக்கு நாமெல்லோரும் இறங்கினோம். உன் கணக்கில் மட்டும் மலை ஏறிக்கொண்டே போகிறதே!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சிவப்பு மையால் என் குறிப்பேட்டின் அடியில் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: "உன் விருப்பத்துக்கு மலை உயராது." அன்று எனக்கு அவமானம் மட்டுமே தோன்றியது. அந்த வரியின் பொருள் தோன்றப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் வானூர்தி வளர்ந்த வகையையும் இங்கே சிறிது பார்ப்போம். சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910ஆம் ஆண்டிலேயே தம் விமானத்தில் பறந்து காட்டினார். மறு ஆண்டு, 1911 பிப்ரவரி 18ஆம் நாள், ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு இளைஞர் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களை விமானத்தில் சுமந்து சென்றார். இவற்றைக் கண்டவர்கள் வேடிக்கை என்றே எண்ணினார்கள். வேடிக்கை தொழிலாக மாறுவதற்குத் துணிவு மட்டும் போதவில்லை, ஒழுங்கும் தேவைப்பட்டது.

அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களுள் முதல்வர் ஜே. ஆர். டி. டாட்டா. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் 1929இல் அவருக்கே கிடைத்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து காட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தபோது, 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். எதிர்த் திசையில் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தார் ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர். எகிப்து நாட்டில் அபுகீர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமான எந்திரத்துக்கு வேண்டிய தீப்பொறிச் செருகிகள் அவரிடம் இல்லை. டாட்டா தம்மிடம் உபரியாக இருந்தவற்றை எடுத்துக் கொடுத்தார். போட்டியில் வென்றவர் ஆஸ்பி. அதே ஆஸ்பி 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைவராக விளங்கினார். பதினேழு வயதில் உங்களைப் போன்ற ஒருவர் செய்த செயல் இது என்பதற்காகவும், போட்டியாளனுக்குக் கருவி கொடுத்து உதவிய பெருந்தன்மைக்காகவும் இதனைச் சொன்னேன்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1932 அக்டோபர் 15ஆம் நாள் டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பைகளைச் சுமந்து வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். தமிழ்நாட்டு வானில் ஒழுங்கான தபால் பணி தொடங்கியது அப்போதுதான். வானொலி வழிகாட்டி இல்லை. ஓடுதளங்கள் பல வெறும் மண்தரை. ஆயினும் மழைக்காலத்தையும் தாண்டி, முதல் ஆண்டு முழுவதும் அப்பணி காலந்தவறாமல் நடந்தது. அந்த விமானிகளின் பெருமை அவர்கள் எவ்வளவு வேகமாகப் பறந்தார்கள் என்பதில் இல்லை. சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், சொன்ன பையை இறக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் காதில் விழுந்த மற்றொரு பெயர் சுந்தரம் தம்பதியர். விமானம் ஓட்டக் கற்பித்தவர் வி. சுந்தரம். அவர் மனைவியார் உஷா சுந்தரம் 1949இல் பெங்களூரில் ஜக்கூர் அரசினர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத் தேறியவர். 1951இல் இருவரும் ஒரு டவ் விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். பெண்ணுக்கு மாட்டு வண்டி ஓட்டவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் தெருத் திண்ணை, அச்செய்தியைக் கேட்டுச் சற்று நேரம் பேச்சற்றுப் போயிற்று. 1953இல் எட்டுத் தனியார் விமான நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தை அரசு அமைத்தது.

என் கதைக்குத் திரும்புகிறேன். மதுரையில் புகுமுக வகுப்பும் அதன்பின் இயற்பியல் பட்டப் படிப்பும் முடிக்க 1962 ஆயிற்று. பிறகு சென்னை மீனம்பாக்கத்தில் புஷ்பக் என்னும் சிறு விமானத்தில் பயிற்சி பெற்றேன். பெங்களூரில் நம்மவரே கட்டிய விமானம் அது. பறப்பதற்கு மணிக் கணக்கில் கட்டணம். அரசு ஒரு பங்கைத் தாங்கியது. மற்றப் பங்குக்காக என் தாயார் கழுத்திலிருந்தது கடைக்குப் போயிற்று. அதை அவர் ஒரு நாளும் எடுத்துச் சொன்னதில்லை. அதனாலேயே நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

முதன்முதலாகத் தனியே பறந்த நாளைப் பற்றிக் கேட்பீர்கள். விமானத்தில் என்னோடு அமர்ந்திருந்த ஆசிரியர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "போய் வா" என்றார். அடுத்த சில நிமிடங்களில் என் மனத்தில் வீரமும் இல்லை, கவிதையும் இல்லை. வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு என்ற எண்களே இருந்தன. இறங்கிய பின்னரே கை நடுங்கியது.

அதன்பின் ஒரு நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து டகோட்டா விமானங்களில் பறந்தேன். இரவுத் தபால் விமானங்களிலும் சிறிது காலம் பணி புரிந்தேன். 1949 ஜனவரியில் தொடங்கிய அந்த ஏற்பாடு வியக்கத்தக்கது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்னும் நான்கு நகரங்களிலிருந்தும் மாலையில் விமானங்கள் புறப்படும். நள்ளிரவில் நாகபுரியில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் ஊருக்குத் திரும்பும். தென்கோடியில் ஒருவர் எழுதிய கடிதம் வடகோடியில் மறுநாளே பிரிக்கப்படும். நாகபுரியில் நள்ளிரவில் தேநீர்க் கோப்பையுடன் நின்று, நான்கு திசையிலிருந்தும் விளக்குகள் இறங்கி வருவதைப் பார்க்கும்போது, ஏலக்காய்ச் சந்தைக்கு நான்கு சரிவுகளிலிருந்தும் மூட்டைகள் இறங்கி வருவது எனக்கு நினைவு வரும்.

இனி நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1969ஆம் ஆண்டில் ஒருநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்றுகொண்டிருந்தோம். மலைத்தொடரைக் கடந்ததும் இடப்புறத்தே தொலைவில் கம்பம் பள்ளத்தாக்கு தெரிந்தது. அதற்கும் அப்பால், வெண்மேகம் போர்த்த மலைச்சுவரின் அடியில், எங்கள் ஊர் இருக்கவேண்டும். வானிலிருந்து நான் அதனைக் கண்டதேயில்லை. ஆசை மேலிட்டது.

"சார், சற்று மேற்கே ஒதுங்கி, மேகத்துக்குக் கீழே தாழ்ந்தால் எங்கள் ஊரைப் பார்க்கலாம். ஐந்து நிமிடமே அதிகமாகும்" என்றேன்.

தலைமை விமானி மூத்தவர், அதிகம் பேசாதவர். கருவிகளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அந்த மலை எத்தனை அடி, தம்பி?"

அந்த மலையடிவாரத்தில் பிறந்தவன் நான். செருப்பில்லாத காலோடு அதில் ஏறியவன். அதன் ஓடைகளில் நீர் குடித்தவன். ஆனால் எத்தனை அடி என்று எனக்குத் தெரியவில்லை. "ஏழாயிரம் இருக்கும், சார்" என்றேன்.

அவர் வரைபடத்தை என் மடியில் வைத்தார். மீசைப்புலிமலைக்கு நேரே இருந்த எண் எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல். "ஆயிரத்து அறுநூறு அடி மலையை ஒரே சொல்லில் வெட்டி எறிந்துவிட்டாயே! நீ சொல்லை நம்பித் தாழ்ந்திருந்தால் பின்னே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?" என்று மட்டும் கேட்டார். பின்னே இருபதுக்கு மேற்பட்டவர் அமர்ந்திருந்தனர். மடியில் குழந்தையோடு ஒரு தாய் ஏறியதை நான் பார்த்திருந்தேன். அப்போது சிவப்பு மையில் எழுதிய வரி, பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்து வந்து என் கண்முன் நின்றது. என் விருப்பத்துக்கு மலை உயராது. தாழவும் தாழாது.

இதனைச் சிறு நிகழ்ச்சி என்று நீங்கள் எண்ணலாம். இரண்டே ஆண்டுகளில், 1971 டிசம்பர் 9ஆம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஆவ்ரோ விமானம் ஒன்று, பார்வை மங்கிய வானிலையில் இறங்கும்போது சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் உடனிருந்த பணியாளர் இருவரும் அவர்களுள் அடங்குவர். சின்னமனூர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அப்போது நாட்டின் எல்லைகளில் போர் நடந்துகொண்டிருந்தது. செய்தித்தாள்களின் முதற்பக்கம் முழுவதும் போர்ச் செய்தியே. அந்த விபத்தை உலகம் விரைவில் மறந்தது. என்னால் மறக்க முடியவில்லை. மாண்டவர்களைப் பற்றி எந்தக் குறையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. மேகத்துக்குள் இருப்பவனுக்கு வானும் மலையும் ஒரே வெண்மைதான் என்பதை அறிந்தவன் நான். ஆனால் அன்றிரவு உறங்காமல் நான் நினைத்துப் பார்த்ததைச் சொல்லலாம். 1969இல் என் பேச்சு எடுபட்டிருந்தால், செய்தித்தாளில் வந்திருக்கக்கூடிய ஊர்ப் பெயர் போடியாக இருந்திருக்கும்.

விமானம் தன் உயரத்தை எவ்வாறு அறிகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உயரமானி என்னும் கருவி, எங்கள் ஆசிரியர் குரங்கணிக்குக் கொண்டுவந்த பாரமானியின் உடன்பிறப்பே. அது காற்றின் அழுத்தத்தை அளந்து அடிக்கணக்கில் காட்டுகிறது. தரையில் அழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால், அன்றன்றைய அழுத்தத்தைக் கேட்டறிந்து கருவியில் பொருத்தவேண்டும். ஒரு மில்லிபார் தவறினால் ஏறத்தாழ 30 அடி தவறும். பத்து மில்லிபார் தவறினால் 300 அடி. மேலும், அந்தக் கருவி கடல்மட்டத்திலிருந்து விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லுமேயன்றி, கீழே உள்ள மலை எவ்வளவு உயரம் என்று சொல்லாது. அதனை வரைபடத்தில் பார்த்து விமானியே கழித்துக்கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் மிக உயர்ந்த முகட்டுக்கும் மேலே 2,000 அடி இடைவெளி வைப்பது மரபு. 8,661ஓடு 2,000ஐக் கூட்டுங்கள்: 10,661. மூன்றாம் வகுப்புக் கணக்கு இது. ஆனால் இதன் மேல் எத்தனையோ உயிர்கள் அமர்ந்து செல்கின்றன.

அந்த 2,000 அடி எதற்காக? மலை வெறும் கல்லன்று. காற்றையும் ஆட்டி வைப்பது. தென்மேற்குப் பருவக் காற்று கேரளப் பக்கத்தில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. மழையை அங்கே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வேகமாகச் சரிகிறது. போடியில் ஆடிக் காற்று கூரையைத் தூக்குவது அதனால்தான். அச்சரிவுக் காற்றில் அகப்பட்ட விமானம் விமானியின் விருப்பத்துக்கு மாறாக நூற்றுக்கணக்கான அடி கீழே தள்ளப்படலாம். ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவ மேகம் எங்கள் பக்கச் சரிவைப் போர்த்துவிடும். மலையேறிகளான எங்கள் ஊர்ச் சுமைகாரர்களும் குதிரைக்காரர்களும் இவற்றைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். முகட்டில் மஞ்சு இறங்கினால் அவர்கள் நடையை நிறுத்தி, பாறையடியில் மூட்டையை இறக்கிக் காத்திருப்பார்கள். காத்திருப்பதை அவர்கள் கோழைத்தனம் என்று கருதியதில்லை.

உலகம் முழுவதும் இத்தகைய மலை மோதல்கள் பல நிகழ்ந்த பின்னரே, தரை நெருங்குவதைக் கண்டு எச்சரிக்கும் கருவி உருவாயிற்று. 1974இல் மற்றொரு பெரும் விபத்துக்குப் பின் அமெரிக்க அரசு பெரிய பயணி விமானங்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. பின்னர், உலகின் மலைகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே குரல் கொடுக்கும் கருவிகளும் வந்தன. நான் 1999இல் ஓய்வு பெறும்போது, விமானியின் அறை நான் முதலில் நுழைந்த டகோட்டாவின் அறையைப் போலவே இல்லை. ஆயினும் "அந்த மலை எத்தனை அடி?" என்ற கேள்வியை நான் விடவில்லை. என்னோடு பறந்த ஒவ்வோர் இளம் துணை விமானியையும் அவரவர் ஊர் மலையின் உயரத்தைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் என்னைப் போலவே குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். நாம் மிகவும் நேசிக்கும் இடத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். அங்கேதான் நாம் அளக்கத் தவறுகிறோம்.

என் தந்தையார் நான் தலைமை விமானியானதைப் பார்த்துவிட்டே கண்மூடினார். 1969ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அவரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மனிதர் தராசு பிடித்தவர்" என்றார். ஒரு விமானிக்கு அதைவிடச் சிறந்த பாராட்டை நான் கேட்டதில்லை.

இப்போது நான் போடியில் வாழ்கிறேன். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மதுரை இரயில், 2023 ஜூன் மாதத்தில் மறுபடியும் எங்கள் ஊருக்கு வந்தது. அந்த இரயிலில் ஏறிக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இவர்களில் யாருக்கு நான்காவது விடை வேண்டியிருக்கிறதோ என்று எண்ணுவேன். பெண்களும் ஆண்களுமாகச் சிலர் வந்து, விமானியாவதற்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கண்பார்வை, உடல்நலம், கணிதம், இயற்பியல் எல்லாம் வேண்டும் என்பேன். பார்த்த எண்ணைப் பார்த்தபடி எழுதும் கை அவற்றுக்கெல்லாம் முன்னே வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அண்மையில் வனத்துறையின் அனுமதி பெற்று, பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு குரங்கணிப் பாதையில் சிறிது தூரம் சென்றேன். என் வயதுக்கு அதுவே அதிகம். இக்காலத்துக் கைப்பேசிகள் சிலவற்றுள்ளேயே பாரமானி இருக்கிறது. பிள்ளைகள் தங்குமிடந்தோறும் அழுத்தத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தார்கள். ஏற ஏற எண் குறைந்துகொண்டே வந்தது. ஓடைக்கு இறங்கினோம். ஒரு சிறுவன் தயங்கி நின்றான்.

"தாத்தா, இவ்வளவு நேரம் குறைந்துகொண்டு வந்த எண் இங்கே ஏறுகிறதே, கருவி கெட்டுவிட்டதா?"

"கெடவில்லை, அப்பனே. அதை அப்படியே எழுது" என்றேன்.

அவன் எழுதினான். நான் அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் எழுதத் தவறிய எண் அது.